எதிர்வீடு காலி

"ஏம்மா, இந்தத் தெருவுல ஆள் கணக்கு எடுத்தது நீதானே?"

எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றுதான் முதன்முறையாக என் கதவைத் தட்டினார்.

"ஆமா சார்."

"அதுல நான் இருக்கேனா?"

"இல்லாம எப்படி சார்?"

"இல்லையாமே. எழுபது தாண்டித் தனியா இருக்கிறவங்களுக்கு பிரஷர் பார்க்க வர்ற நர்ஸம்மா, ரெண்டு மாசமா நம்ம மாடி ஏறல. கீழ மறிச்சுக் கேட்டேன். புது லிஸ்ட்ல என் வீடு காலின்னு இருக்காம். காலி வீட்டுக்கு எதுக்கு சார் பிரஷர்னு சிரிக்கிறாங்க."

லிஸ்ட் நான் போட்டது.

வாசகர்களே, ஜன்னல் கணக்கர் என்றோர் இனம் உண்டு. தெருவில் எத்தனை பேர், எந்த வயது, சொந்த வீடா வாடகையா என்று விரல் நுனியில் வைத்திருக்கும்; ஒருவர் முகமும் தெரியாது. நகராட்சி எங்களிடம் படிவக் கட்டைக் கொடுத்து, வீடு வீடாகப் போய்த் தட்டச் சொல்கிறது. தட்டுவதா? தட்டினால் திறப்பார்கள், திறந்தால் பேசுவார்கள், பேசினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் இரண்டு மொழியில் படித்தவள். இரண்டிலும் வாய் திறக்காதவள். ஆகவே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடியில் இரண்டு சீருடை தொங்கினால் வேலைக்குப் போகும் தம்பதி என்றும், மூக்குக் கண்ணாடியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அறுபதுக்கு மேல் என்றும், குட்டிச் சட்டை காய்ந்தால் குழந்தை ஒன்று என்றும் எழுதிக்கொண்டே போனேன். மூன்றாம் மாடிக் குழந்தை நாய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அது தடுப்பூசிப் பட்டியலில் ஏறிவிட்டது.

எதிர்வீட்டு ஜன்னல்கள் கட்டடத்தின் மறுபக்கம்; என் நாற்காலியிலிருந்து துணியும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. காலி என்று போட்டேன். என் வாசலிலிருந்து அவர் வாசல் எட்டு அடி.

அறிக்கை பிரமாதம் என்றார் மேலதிகாரி. விழுக்காடெல்லாம் கூட்டினால் சரியாக நூறு வந்ததாம். வராமல் என்ன?

நீங்கள் அப்படியில்லையா? உங்கள் எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம். 'அந்த சிவப்பு ஸ்கூட்டர்' என்பது பெயரில் சேராது.

"மன்னிச்சிருங்க சார், நாளைக்கே திருத்திடறேன்" என்றேன்.

"திருத்து, திருத்து. முப்பது வருஷம் ஓடுற ரயில்ல ஆள் எண்ணினவன் நான். பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு ஒரு தடவைகூட எண்ணினதில்ல."

தன் வாசல்வரை போனவர் திரும்பினார்.

"இன்னொண்ணு. ஆபீஸ் போகும்போது தினமும் என் கதவை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போம்மா. பேசவெல்லாம் வேணாம். நான் உள்ளேருந்து குரல் குடுப்பேன். குடுக்கலேன்னா, அன்னைக்கு காலின்னு எழுதிக்க."