மாப்பிள்ளை காதைப் பிடித்து இழுத்த கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த தெரேசா அக்காவுக்கு, தம்பி ஷ்பிரோ எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளாலும் ஆலிவ் எண்ணெயின் புண்ணியத்தாலும் இங்கே தீவில் நானும் மகள் டோங்காவும் மாப்பிள்ளையும் சுகம். பெர்த்தில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு நன்றி சொல்ல. கூடவே ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

நம் மாப்பிள்ளை லோவ்ரே பதினான்கு வருஷம் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்ப்ளிட்டில் தொடங்கி ஆஸ்திரியா, துருக்கி என்று சுற்றியவர். நாட்டுக்காகவும் பதினொரு நிமிடம் ஆடினார், அதற்கே நம் பாதிரியார் கோயில் மணியை அரைமணி நேரம் அடித்தார். அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒன்பது தடவை பந்தைப் பின்னாலேயே கொடுத்தார் என்பதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் காலில் பந்து பத்திரமாக இருக்கும், முன்னால் மட்டும் போகாது. பயிற்சியாளர் ஆன பிறகும் அதே பத்திரம்தான். ஸ்லோவேனியாவில் ஏழு வாரம், கஜகஸ்தானில் ஐந்து வாரம், இன்னும் இரண்டு இடம். எல்லா இடத்திலும் பூச்செண்டு கொடுத்து வரவேற்று, பூ வாடுவதற்குள் வழியனுப்பிவிட்டார்கள். கடைசியில் நம் ஊர் கிளப்புக்கே வந்து சேர்ந்தார். டோங்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அப்பா, இதுதான் கடைசி. இங்கயும் இவரத் தொரத்துனாங்கன்னா நாங்க மூட்டையக் கட்டிக்கிட்டு மியூனிக் போயிடுவோம். நீங்க தனியாத்தான் ஆக்கித் தின்னணும்." ஆக்கித் தின்பது பெரிய விஷயமில்லை அக்கா. அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் கேட்கிற குரல் அவளுடையது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு மெல்லிய குரல். நம் மைதானமோ கடலை ஒட்டியது, வாடைக்காற்று அடித்தால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். பிரிஷ்கோலா சீட்டாட்டத்தில் ஜோடிக்காரனுக்குக் காட்டுவோமே, கண் சிமிட்டல், கன்னம் உப்பல், அதையெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டக்காரர்களுக்குக் காட்டினார். பிரமாதமான யோசனை. ஒரே ஒரு குறை, அன்று எதிரணியில் ஆடிய மேல் ஊர்க்காரர்களும் நம்மைப் போலவே தாய்ப்பால் மறக்கும் முன்பே சீட்டைப் பிடித்தவர்கள். மாப்பிள்ளை கண்ணடித்த உடனே அவர்கள் கோல்கீப்பர், "டேய், துருப்பு வருதுடா, எடது பக்கம் பாத்துக்க!" என்று கத்தினான். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கிளப் தலைவர், "கடைசி ஆட்டத்துல இதே மேல் ஊர்க்காரன ஜெயிக்கலன்னா கணக்கு முடிஞ்சுது தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். டோங்கா பெட்டியைத் தூசு தட்ட ஆரம்பித்தாள்.

இங்கேதான் அக்கா, மன்னிப்பு. நாம் இருவரும் சின்ன வயதில் அப்பாவையும் சித்தப்பாவையும் சீட்டில் ஏமாற்றுவதற்கென்று தனியாக ஜாடைகள் வைத்திருந்தோமே, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாதா சிலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினீர்களே, அத்தனையையும் நான் மாப்பிள்ளைக்கும் அணியின் பதினெட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மூக்கைத் தேய்த்தால் ராஜா, கழுத்தைச் சொறிந்தால் சீட்டைப் பதுக்கு, இடது காது மடலை இழுத்தால் 'என் கையில் ஒன்றுமில்லை, இனி நீதான் ஆட வேண்டும்'. மாப்பிள்ளைக்கு அந்தக் கடைசி ஜாடை பிடிக்கவே இல்லை. "மாமா, கையில ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு எதுக்குப் பயிற்சியாளர்?" என்றார்.

கடைசி ஆட்டத்தன்று நல்ல காற்று. பந்து கடலில் விழுந்தால் படகில் போய் எடுத்து வருவது என் வேலை, அதனால் பாதி ஆட்டத்தைத் துடுப்பும் கையுமாகத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை மூக்கைத் தேய்த்தார், கழுத்தைச் சொறிந்தார். மேல் ஊர்க்காரர்கள் விழித்தார்கள். "உங்க மாப்பிள்ளைக்குச் சொறி சிரங்கா?" என்று ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான். ஆனாலும் கோல் விழவில்லை, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கடைசி நிமிடத்தில் நம் பையன்கள் வழக்கப்படி அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் படகிலிருந்து பார்க்கிறேன், மனிதர் அப்படியே நிற்கிறார். பிறகு மெதுவாக இடது காதைப் பிடித்து இழுத்தார். பத்துப் பேரும் ஒரு கணம் திகைத்தார்கள். அப்புறம் தீயணைப்புக்காரர் மகன் நிக்ஷா, பிறந்ததிலிருந்து பந்தைப் பக்கவாட்டில் மட்டுமே கொடுத்தவன், முப்பது மீட்டர் தூரத்திலிருந்து நேராக உதைத்தான். கோல்! நான் படகில் எழுந்து நின்று குதித்ததில் தண்ணீரில் விழுந்தேன், படகில் முன்பே எடுத்து வைத்திருந்த பந்தைப் பிடித்துக்கொண்டுதான் கரை ஏறினேன்.

உங்களால்தான் அக்கா எல்லாம். எட்டு வயதில் நீங்கள் கற்றுக்கொடுத்த திருட்டுத்தனம் என் மகளை என்னோடு இருக்க வைத்திருக்கிறது. பெட்டி பரணுக்குப் போய்விட்டது. அவர்களுக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். நம் தீவின் காவல் புனிதர் உங்கள் முழங்கால்களைத் தனித்தனியாகக் காப்பாராக.

இப்படிக்கு, சத்தியம் தவறிய உங்கள் தம்பி,
ஷ்பிரோ

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். அந்தக் கோலை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, அது பெர்த்தில் இருக்கும் நம்மவர்களின் கிளப் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே பயிற்சியாளராக மாப்பிள்ளைக்கு மூன்று வருஷ ஒப்பந்தமாம். டோங்கா சந்தோஷத்தில் அழுதாள், பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். மியூனிக் இல்லை, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதற்கு ஆண்டவருக்கு நன்றி. அடுத்த மாதம் விமான நிலையத்துக்குப் போய் அவளைக் கூட்டிக்கொள்ளுங்கள். வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் அக்கா. இடது கை காதில் இருக்கிறது.