இடது இல்லப்பா

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் உன் மருமகளும் நலம். நீயும் அத்தானும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டாலும் அடுத்த கடிதத்தில் நீ இரண்டு பக்கம் எழுதுவாய் என்று தெரியும்.

நிற்க. "எறும்புக்கு ஏதோ பெரிய பட்டம் கிடைச்சிருக்காமே, என்னடா அது, அதுக்கு நீ என்னடா பண்ணினே?" என்று போனில் கேட்டாய். விவரமாகக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம், உன் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள் என்று நீதான் என் மகளுக்கு எறும்பு என்று பெயர் வைத்தாய். சாரணியர் இயக்கத்தில் சேர்ந்தபின் அந்த எறும்புக்குச் சிறகு முளைத்துவிட்டது. முடிச்சுப் போடப் பழகுகிறேன் என்று ஒரு நாள் குளியலறைக் கதவின் கைப்பிடியையும் எதிரே இருந்த சன்னல் கம்பியையும் சேர்த்துக் கட்டினாள். அபார முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமாம். உள்ளே இருந்து இழுத்தவன் நான் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. முதலுதவி பேட்ஜுக்காக நன்றாக இருந்த என் வலது காலுக்குக் கட்டுப் போட்டாள், அந்தக் கட்டோடு படியிறங்கியதில் இடது கால் சுளுக்கிக்கொண்டது. தீப்பெட்டி இல்லாமல் நெருப்பு மூட்டுகிறேன் என்று மாடியில் உட்கார்ந்து கட்டைகளைத் தேய்த்த அன்று நெருப்பு வரவில்லை, தீயணைப்பு வண்டி வந்தது. இப்படி வாங்கிய பேட்ஜுகளை எல்லாம், சீருடைமேல் தோளிலிருந்து குறுக்காகப் போடும் பட்டையில் அவள் அம்மா வரிசையாகத் தைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. அதுதான் உச்சப் பட்டம். அதற்கு மேல் படியே கிடையாது. அதற்கு, ஊருக்கு உபயோகமான ஒரு வேலையைத் தானே யோசித்து, மற்றவர்களை வழிநடத்தி, பதினெட்டு வயது நிறைவதற்குள் முடித்துக்காட்ட வேண்டும். எறும்புக்கு அடுத்த மாதம் பதினெட்டு. தவறினால் தவறியதுதான், இன்னொரு வாய்ப்பு கிடையாது.

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவளே, "என்னன்னு கேக்காதீங்கப்பா, முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். "நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்?" என்றேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தலை நரைக்கும் வரை பிறருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், தெருவோரம் நின்று "அண்ணே, இது எங்கே போகுது?" என்று கேட்டால் தொழிலுக்கே அவமானம் இல்லையா? என் மாணவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: வழி கேட்காதே, சாலையைப் பார். உன் கல்யாணத்துக்கு நான் பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்ததை அத்தான் இன்னும் சொல்லிக்காட்டுகிறார், மண்டபத்தை இடம் மாற்றிவிட்டார்கள் என்று நானும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னிடம் இருக்கும் சங்கடம் இதுதான்: கேட்கவும் மாட்டேன், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. சாத்திய கதவைக் கண்டால் உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும். மூடிய பொட்டலத்தைக் கண்டால் தூக்கம் வராது.

ஒரு நாள் சாப்பிடும்போது எறும்பு சொன்னாள், "வழி தவறிட்டா நின்ன இடத்துலயே நிக்கணும்ப்பா. அப்பதான் தேடி வர்றவங்களுக்கு வசதி." எங்கள் தொழிலில் நட்டநடுவில் நின்றால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், எனவே தெரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் மதியம் கிளம்பிப் போக ஆரம்பித்தாள். பையில் கலர் கலராக ஒட்டுநாடா. திரும்பி வரும்போது கால்சட்டையின் முட்டியில் அழுக்கு. என் மண்டை காய்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் ஏறிய பேருந்திலேயே பின்வாசல் வழியாக ஏறினேன். அவள் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். நாடா, முட்டி எல்லாம் மறந்துபோயிற்று. குழந்தைக்கு ஏதோ உடம்புக்கு வந்து, நமக்குச் சொல்லப் பயந்துகொண்டு தனியாக வந்து பார்த்துக்கொள்கிறாள் என்று தோன்றியதும் ஓடினேன். முதல் திருப்பத்திலேயே அவளைத் தவறவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியை நீ பார்க்க வேண்டும். வெவ்வேறு காலத்தில் கட்டிய மூன்று கட்டடங்களை நடைபாதை போட்டு ஒட்டவைத்திருக்கிறார்கள். இங்கே முதல் மாடியில் நேராக நடந்தால் அங்கே இரண்டாம் மாடியில் போய் நிற்பாய், படியே ஏறியிருக்க மாட்டாய். அன்று நான் நுழைந்த கதவுக்குப் பின்னால் சலவைக்கூடம். ஆளுயரத்துக்கு விரிப்புகள், ஒரே ஆவி. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்ததும், "மெஷின் பாக்க வந்தவர்தானே? காலைலேர்ந்து உயிரை வாங்குது" என்றார். இல்லை, வழி தெரியவில்லை என்று சொன்னால் எங்கே போக வேண்டும் என்பார், நான் சொல்ல வேண்டும், அவர் வழி காட்டுவார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்கு வம்பு? "ஆமா" என்று சொல்லிவிட்டேன். பெல்ட்தான் கழன்றிருந்தது, மாட்டிக்கொடுத்தேன். தேநீர் வாங்கித் தந்தார். எறும்பு எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பிரசவப் பிரிவு. ஒரு நர்ஸம்மா வெளியே வந்து, "தாத்தா நீங்கதானே? பொண்ணு பொறந்திருக்கு, புடிங்க" என்று ஒரு பச்சைக் குழந்தையை என் கையில் வைத்துவிட்டார். ரோஜா நிறத்தில் ஒரு முகம். அது கொட்டாவி விட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து அசல் தாத்தா வந்து சேர்ந்தார், கையில் இரண்டு வெந்நீர் குடுவை. பாவம், வெந்நீர் பிடிக்கப் போனவர் பிணவறை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். மூன்றாவது வாரம் உடற்பயிற்சிச் சிகிச்சை அறையில் மாட்டினேன். வரிசையில் நின்றதால் என் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக இருந்த கழுத்துவலி அன்றோடு போயிற்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கழுத்து நன்றாகத் திரும்பியதால்தான் அன்று அவளைக் கண்டேன். நடைபாதைத் தரையில் மண்டியிட்டு, கூட நாலைந்து சாரணியரை வைத்துக்கொண்டு, நீளமாக நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேவுக்குச் சிவப்பு, ரத்தப் பரிசோதனைக்கு நீலம், மருந்து தரும் இடத்துக்கு மஞ்சள், வெளியே போகப் பச்சை. கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் யாரையும் கேட்காமல் போய்ச் சேரலாம். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த நிம்மதியை எழுத எனக்குத் தெரியவில்லை, தூணுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் எறும்பு வந்து, "அப்பா, ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா? பரிசோதனைக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்றேன் ஒன்றும் தெரியாதவன் போல. உன் தம்பி மனைவி வாயில் நூலைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டத்துக்குத் தகுதி பார்க்க வந்த தேர்வாளர் ஒரு பல் டாக்டர் அம்மா. அவர் வாயைத் திற என்றால் பக்கத்துத் தெருவிலும் திறந்துவிடுவார்கள், அப்படி ஒரு குரல். "ஒருத்தர் வாசல்லேர்ந்து கிளம்பி எல்லா இடத்துக்கும் போய்ட்டு, யாரையும் கேக்காம வெளியே வரணும். ஒரு இடத்துல தப்பாத் திரும்பினாலும் வேலை முடியலைன்னுதான் எழுதுவேன். நீ வாயே தொறக்கக் கூடாது" என்று எறும்பிடம் சொல்லிவிட்டார். மறுபடி ஒட்டிக்காட்ட நாளும் இல்லை. இந்தப் பெண்ணின் இத்தனை வருஷத்து உழைப்பு, உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னுடைய காலை நம்பி நின்றது. நான் மட்டும் அவளாக இருந்திருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பேன்.

சிவப்பில் நடந்தேன், எக்ஸ்ரே வந்தது. நீலத்தில் நடந்தேன். வழியில் சலவைக்கூட மேற்பார்வையாளர், "சார், பெல்ட் நல்லா ஓடுது" என்றார். நர்ஸம்மா, "பேத்தி வீட்டுக்குப் போயாச்சு" என்றார். தேர்வாளர் அம்மா பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். மஞ்சள் கோட்டில் போகும்போதுதான் அந்தத் தூண் வந்தது. மூன்று நடைபாதைகள் கூடும் இடம். கோடு வலப்பக்கம் போவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எதிரே ஒரு தள்ளுவண்டி வந்ததும் என் கால் தானாக இடப்பக்கம் எழுந்துவிட்டது. சந்தேகம் வந்தால் இடது ஓரமாக ஒதுங்கு என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவனின் கால், என்ன செய்யும்? காலை எங்கே வைப்பது என்று குனிந்தேன். சரியாக அந்தக் கால் விழ வேண்டிய இடத்தில், மஞ்சள் நாடாவை எழுத்து எழுத்தாக வெட்டித் தரையில் ஒட்டியிருந்தாள்:

இடது இல்லப்பா.

தூக்கிய காலை அந்தரத்திலேயே திருப்பி வலப்பக்கம் வைத்தேன். அதன்பிறகு எனக்குக் கோடு கலங்கலாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் மருந்து தரும் இடமும் வந்தது, பச்சையும் வந்தது, வெளி வாசலும் வந்தது.

தேர்வாளர் அம்மா எறும்பைக் கேட்டார், "அந்த இடத்துல மட்டும் ஏன் எழுத்து?"

"அங்க எல்லாரும் கோட்டைப் பாத்துத் திரும்பிடுவாங்க மேடம். இடது பக்கமே போற ஆளுங்களுக்கு மட்டும் அது பத்தாது. மூணு வாரம் அப்பா பின்னாலயே நடந்து பாத்தேன். அவர் எங்கெல்லாம் தப்பாத் திரும்பினாரோ அங்கெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டுத்தான் கோட்டைச் சரிபண்ணினோம்."

"பின்னாலயா? அவர் உன் பின்னால வந்தார்னு இல்ல உங்கம்மா சொன்னாங்க?"

"முதல் திருப்பம் வரைக்கும்தான் மேடம் அவர் என் பின்னால. அதுக்கப்புறம் நான் அவர் பின்னால."

"என்ன வேலைன்னு அவர்கிட்ட நேராச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டார். சொல்லலைன்னாத்தான் வருவார். எங்க அப்பா கேக்கவும் மாட்டார், விடவும் மாட்டார்."

தேர்வாளர் அம்மா கடைசிக் கேள்வியாக, "விதிப்படி நீ மத்தவங்களை வழிநடத்தியிருக்கணும். நாடா ஒட்டின பிள்ளைங்களைத் தவிர வேற யாரை வழிநடத்தினே?" என்றார்.

எறும்பு கையை நீட்டி என்னைக் காட்டினாள். அந்த அம்மா சத்தமாகச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். ஆக, நான் என்ன பண்ணினேன் என்று நீ கேட்டதற்குப் பதில் இதுதான் அக்கா: நான் வழிநடத்தப்பட்டேன். நாடாவுக்குப் பதிலாக இனிமேல் பெயின்ட்டே அடித்துவிடப் போகிறார்களாம். அந்த எழுத்தையும் சேர்த்துத்தான். நாளைக்கு எந்த ஊர்க்காரன் அங்கே வந்தாலும் அவனையும் எறும்பு அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

வரும் ஞாயிறு காலையில் பட்டமளிப்பு. இத்துடன் உனக்கும் அத்தானுக்கும் அழைப்பு அட்டை வைத்திருக்கிறேன், அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், பத்திரம். அவளுக்குப் பட்டையைப் போட்டுவிட நீதான் வர வேண்டும் என்கிறாள். பேருந்து நிலையத்துக்கு நானே வந்து உங்களை அழைத்துப்போகிறேன். யாரிடமும் வழி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். விழா நடக்கும் அரங்கம் எனக்குக் கைரேகை மாதிரி தெரியும்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். உங்கள் இருவரின் ஆசியும் எறும்புக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதை ஒரு கடைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தபால் நிலையத்தை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். இது சாக்கு இல்லை, பழைய கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. புது இடத்தைத் தேடி மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் அதே கதவுக்கே வந்து சேர்ந்தேன். இன்றைய தபாலை விட்டால் அட்டை உனக்கு ஞாயிறுக்குள் கிடைக்காது, எறும்பு உன்னைத் தேடுவாள். ஆகவே ஓரமாக வந்த ஒரு காரை நிறுத்தி, தபால் நிலையம் எங்கே என்று கேட்டுவிட்டேன். ஆமாம் அக்கா, கேட்டேன். கண்ணாடியை இறக்கியவன் என் பழைய மாணவன். "சார், நீங்களா? எனக்கும் தெரியாது சார். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி யாரையும் கேக்காமத்தான் நானும் அதைத் தேடிச் சுத்திக்கிட்டிருக்கேன்" என்றான். எறும்புக்குப் போன் செய்தேன். "நின்ன இடத்துலயே நில்லுங்கப்பா, வர்றேன்" என்றாள். இருவரும் நிற்கிறோம். எனவே பேருந்து நிலையத்தில் என்னை எதிர்பார்க்க வேண்டாம், யாரையாவது கேட்டு நேரே அரங்கத்துக்கு வந்துவிடுங்கள். முடிந்தால் என்னையும் வழியில் பார்த்து அழைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆரம்பித்தாகிவிட்டது, இதையும் கேட்டுவிடுகிறேன்: அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?