கிணற்றடியில் ஒரு குருவி

வேலி ஓட்டைக்குள் கமராவை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகந்தனின் முதுகில் ஒரு கை விழுந்தது.

"தம்பி, ஆரைப் படம் பிடிக்கிறீர்?"

திரும்பினால் வீட்டுக்காரர் பாக்கியரத்தினம். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முறைத்தால் வாய்க்கால் தண்ணீரும் நேராக ஓடும் என்று சாம்பல்தீவில் சொல்வார்கள்.

"குருவியை, ஐயா. ஆறுமணிக் குருவி. இமயமலைப் பக்கமிருந்து வந்து நிக்குது."

"இமயமலையில வெளிக்கிட்டது, வழியில ஒரு இடமும் இறங்காமல் நேரா என்ர கிணத்தடிக்கோ வந்தது?"

அப்போதுதான் சுகந்தனுக்கு உறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு. கிணற்றடியில் உடுப்புக் காயப்போட்டபடி அவருடைய மகள் லோஜினி.

சுகந்தனுக்கு முப்பத்து நாலு வயது. திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கந்தோரில் வேலை, வீடு நிலாவெளியில். மோட்டார் சைக்கிள் பையில் கமரா எந்நேரமும் தயாராக இருக்கும். கோட்டையடி மான், மீன் சந்தைக் கூரைப் பருந்து என்று போகிற வழியில் கண்டதையெல்லாம் எடுப்பான். அம்மா கொண்டுவந்த பதினொரு சம்பந்தங்களையும் தட்டிக்கழித்ததும் இதற்காகத்தான். கலியாணம் கட்டினால் சனிக்கிழமை கமராவுக்கா, மாமியார் வீட்டுக்கா என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியே தன் வாசலுக்கு வரக்கூடாது என்றிருந்தான்.

அவனிடம் இல்லாத ஒரே படம் இந்தக் குருவியுடையது. மூன்று கிழமையாக, அவன் வேலை முடிந்து வரும் வழியில், சரியாக ஆறு மணிக்கு இந்த வளவுக்குள் கத்துகிறது. மழையென்றாலும் ஒரு நிமிடம் பிந்தாது. 'எங்கட கந்தோர்ச் சனம் இதிட்டப் படிக்கவேணும்' என்று கூட்டாளி றிஸ்கானிடம் புகழ்ந்திருக்கிறான். ஆனால் இன்னும் ஒரு இறகைக்கூடக் கண்ணால் காணவில்லை. கூச்சம் பிடித்த சாதி. பங்குனி கழிந்தால் வடக்கே பறந்தும் விடும்.

"நம்பாட்டிப் பாருங்கோ ஐயா," என்று கமராவின் திரையை அவரிடம் காட்டினான்.

அதுதான் பிழையாகப் போயிற்று. பதினேழு படங்கள். ஒன்றிலும் குருவி இல்லை. எல்லாவற்றிலும் லோஜினி இருந்தாள். ஒன்றில் வாளியோடு, ஒன்றில் தலை துவட்டியபடி, ஒன்றில் கமராவை நேரே பார்த்துச் சிரித்தபடி.

"வடிவான குருவி," என்றார் பாக்கியரத்தினம். "இனி இந்த ரோட்டில உம்மைக் கண்டனெண்டால் பொலிசுக்குத்தான் போவன்."

நிலாவெளிக்குப் போக அவனுக்கு இருப்பது அந்த ஒரு ரோட்டுத்தான்.

மறுநாள் கந்தோரில் றிஸ்கான் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத்தான் யோசனை சொன்னான். கிண்ணியாக்காரன், ஊர் நியாயம் தெரிந்தவன்.

"மச்சான், தனி ஆம்பிளை கமராவோட நிண்டாக் கள்ளன். அதே ஆம்பிளை உம்மாவோட போனா மரியாதக்காரன். அம்மாவக் கூட்டிப் போய் மன்னிப்புக் கேளு. வெறுங்கையோட மட்டும் போகாத."

சுகந்தனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அம்மாவிடம் சொன்னான். அம்மா பாதிக் கதையிலேயே எழும்பி அலுமாரியைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். ஓட்டோவில் அம்மாவின் மடியில் ஒரு தட்டம். அதில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, குங்குமம்.

"மன்னிப்புக் கேக்கிறதுக்கு ஏனம்மா குங்குமம்?"

"நீ வாயை மூடிக்கொண்டு வா."

தட்டத்தைக் கண்டதும் பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முதலே செய்திருக்கலாமே தம்பி! இருங்கோ, இருங்கோ," என்று தானே கதிரை இழுத்துப் போட்டார்.

"ஐயா, நான் வந்தது அந்தக் குருவி…"

"அதை விடும். உம்மட நட்சத்திரம் என்ன?"

அம்மா நட்சத்திரத்தைச் சொன்னார், ராசியைச் சொன்னார், கேட்காத சம்பளத்தையும் சொன்னார். சுகந்தன் இரண்டு தரம் வாயைத் திறந்தான். இரண்டு தரமும் அதற்குள் பலகாரம் வந்து விழுந்தது.

சுவர் மணிக்கூடு ஆறு காட்டியது. கிணற்றடியில் குருவி கத்தியது.

சுகந்தன் கமராவோடு துள்ளி எழும்பினான். "கேட்டீங்களோ? கேட்டீங்களோ ஐயா? நான் சொன்னனான்தானே!"

"நல்ல சகுனம்," என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒருக்கால் கிணத்தடிக்குப் போகவிடுங்கோ ஐயா. ஒரேயொரு படம்!"

பாக்கியரத்தினம் கையைக் குறுக்கே நீட்டினார். "கிணத்தடிக்கு வெளி ஆம்பிளையள் போக ஏலாது. மருமகனெண்டாப் போகலாம். சொல்லும், சம்மதமோ?"

வலைக்குள் விழுந்த மீனின் நிலைதான் அவனுக்கு. அந்த நேரம் பார்த்து லோஜினி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குனிந்து கோப்பையை நீட்டும்போது அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"பூவரசுக்குக் கீழ நில்லுங்கோ. பின்னேர வெளிச்சம் அங்கதான் வடிவா விழும்."

சுகந்தனுக்கு உள்ளே ஏதோ சறுக்கியது. முப்பத்து நாலு வருடத்தில் 'எப்ப கலியாணம்' என்று கேட்காதவர்கள் இல்லை. வெளிச்சம் எங்கே விழும் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் சனிக்கிழமைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? அவளைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மிகவும் பிடித்துவிட்டது.

"ஓம் ஐயா. சம்மதம்."

அம்மா அழுதார். பாக்கியரத்தினம் கலண்டரை எடுத்து அப்போதே நாள் பார்த்தார். சித்திரையில் கலியாணம் என்று முற்றாகியது.

வருங்கால மருமகன் உரிமையோடு கிணற்றடிக்கு நடந்தான். லோஜினியும் பின்னால் போனாள். குருவி இன்னும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சுகந்தன் பூவரசுக்குக் கீழ் முழந்தாளிட்டு, கமராவைக் கண்ணில் வைத்து, இலை இலையாகத் தேடினான்.

பக்கத்து வளவு மாகிரட் அன்ரி, கையில் செபமாலையோடு வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை லோஜினி, காரியம் சரிவந்திட்டுதெல்லே? இனியாவது உன்ர போனில அந்தக் குருவியைக் கத்த விடாதையம்மா, மூண்டு கிழமையா ஆறு மணிச் செபம் ஒழுங்காச் சொல்ல ஏலாமக் கிடக்கு!"