வரிசையாகச் சொருகிய வயர்கள்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஜன்னல் கம்பி, படிக்கட்டு, சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காய் எல்லாமே கணக்கில் வரும். இதை நல்ல பழக்கம் என்று நான் நம்பியது, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வரைதான்.

அப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கராக இருந்தேன். "கம்ப்யூட்டர் ரூம் வேலையைக் கத்துக்குங்க, இல்லன்னா வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். (வேலை போன அப்பா என்று பத்திரிகையிலா போட முடியும்?)

கற்றுக்கொடுத்தவள் செல்வி. காலடிப்பேட்டைப் பெண், எங்கள் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். சர்வர்கள் ஒரு பக்கம், டிஸ்க் அலமாரி மறுபக்கம், இரண்டையும் இணைக்க நடுவில் ஸ்விட்ச். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க். வயர் சொருகும் இடம் போர்ட். டிஸ்க்கில் பிரித்துக் கொடுத்த பங்கு லன். எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று வேலி போடுவது ஸோனிங். குளிக்கும்போதுகூட ஒப்பித்தேன். "உள்ள யார்கிட்ட பேசிக்கினு கீறீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை செல்வி டீ குடிக்கப் போயிருந்தாள். நான் ஸ்விட்சை எண்ணினேன். பதினாறு போர்ட்டில் ஏழில்தான் வயர், அதுவும் பல் விழுந்த வாய் போல இங்கொன்றும் அங்கொன்றும். மனசு கேட்கவில்லை. ஏழையும் பிடுங்கி, இடது ஓரத்திலிருந்து வரிசையாகச் சொருகினேன். பச்சை விளக்குகள் எரிந்தன. பார்க்கவே அழகாக இருந்தது.

உடனே கேட் பாஸ் அடிப்பது நின்றுபோனது. டிரெய்லர்கள் ரோடு வரை நின்றன. சாயங்காலம் கப்பல். ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்:

"யோவ் பெர்சு, கப்பலு இன்னா உன் மச்சான் வண்டியா, நமக்காவ நிக்கறதுக்கு?"

செல்வி ஓடி வந்தாள். "இன்னா சார் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அடுக்கி வெச்சேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம ஸோனிங் போர்ட் நம்பரை வெச்சுப் போட்டது சார். ஸ்விட்சுக்கு ஆளைத் தெரியாது, சீட்டைத்தான் தெரியும். நீங்க எல்லாரையும் சீட்டு மாத்தி உக்கார வெச்சிட்டீங்க, இப்ப சர்வருக்கு அதோட டிஸ்க்கே தெரியல. எது எங்க இருந்துச்சு?"

எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அதை மட்டும் பார்த்து வைக்கவில்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். செல்வி திரையிலிருந்து திரும்பாமலே, "ஸோனிங்ல பிரச்சினை சார். இவரும் கூட நின்னு பாத்துக்கினு இருக்காரு. கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேனேஜர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

திரையிலிருந்த ஸோன் விவரத்தை அவள் படிக்கப் படிக்க, நான் தூசிக்குள் தவழ்ந்து, ஒவ்வொரு வயரும் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கத்தினேன். எல்லாம் பழைய இடத்துக்குப் போனது. கப்பல் புறப்படுமுன் கடைசி டிரெய்லரும் கேட்டைத் தாண்டியது.

மறுநாளே செல்வி ஸோனிங்கை மாற்றிவிட்டாள். "வயரோட மறுமுனையில, பெட்டிக்குள்ள கீற ஒவ்வொரு கார்டுக்கும் சொந்தமா ஒரு நம்பர் கீது சார். இப்ப அதை வெச்சுப் போட்டுட்டேன். இனிமே நீங்க எந்த ஓட்டையில குத்தினாலும் ஆளைக் கண்டுபிடிச்சிக்கும்."

எனக்காகவே செய்தாள். கல்யாணமும் நடந்தது, பின்னாளில் அதே ரூமிலிருந்து கழுத்தில் மாலையோடு ஓய்வு பெற்றேன்.

ஆனால் கல்யாணத்துக்கு வந்த செல்வி, மேனேஜரிடம் மறைத்ததை என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். இன்றும் சமையலறை டப்பாக்களில் கை வைத்தால், "அது உங்க ஸோன் இல்ல, ஹாலுக்குப் போங்க" என்று குரல் வருகிறது. பேரன்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடனில் இதை மட்டும் கழித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை.