அனைவரும் பார்த்துக் கையொப்பமிடவும்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், அவர்கள் ஒருநாள்கூட எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. தலைசிறந்தது சுற்றறிக்கைதான். மூன்று மாடி, நாற்பத்திரண்டு மேசை, ஒரு ஜீவனையும் அது விட்டுவைக்காது.

அதைச் சுமந்து செல்பவன் தலைமை எழுத்தராகிய அடியேன். மற்ற கிளைகளில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ‘வேலை முடிந்தது’ என்கிறார்களாம். எங்களிடம் அந்தச் சோம்பேறித்தனம் கிடையாது. சுற்றறிக்கையை அட்டையில் செருகி மேசை மேசையாக நானே கொண்டுபோவேன். ஒவ்வொருவரும் என் கண்ணெதிரே விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டி, முழுவதும் படித்து, என் பேனாவால் கையொப்பமிட வேண்டும். ஏன் என் பேனா? மை மாறினால் தணிக்கையில் கேள்வி வரும்.

அன்று காலை எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. “பேசாம படுங்க” என்று மனைவி வாசலை மறித்தாள். விடுப்பே எடுக்காதவன் என்ற பெயரை ஒரு ஜுரத்துக்காக விட்டுக்கொடுப்பேனா? போனேன். போனது எவ்வளவு நல்லதாயிற்று! தலைமையகத்திலிருந்து நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்று எனக்காகக் காத்திருந்தது. ஊரில் தொற்றுக் காய்ச்சல் பரவுகிறது; ஊழியர்கள் ஆறடி விலகி நிற்கவும்; பொருட்களைக் கைமாற்ற வேண்டாம்; காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கவும்; ‘இதை அனைவரும் பார்த்ததற்கான கையொப்பங்களை உடனே அனுப்பவும்.’

காய்ச்சல் உள்ளவர்களைப் பற்றிய வரியைப் படித்தபோது மனசாட்சி லேசாக உறுத்தியது. வீட்டுக்குப் போய்விடலாமா? போகலாம்தான். ஆனால் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் சுற்றறிக்கையை அப்புறம் யார் சுற்றுக்கு விடுவது? கிளம்பிவிட்டேன்.

கீழ்மாடியில் கணக்கர் கண்ணாடியைத் தேடினார்.

“சார், இதுல ஆறடி தள்ளி நிக்கணும்னு போட்டிருக்கே?”

“ஆமாமா. எழுத்து சின்னது, நல்லா பக்கத்துல வந்து படிங்க.”

பண்டகக் காப்பாளர் பேனாவை வாங்கும்போது திடுக்கிட்டார். “என்ன சார், உங்க கை இப்படிச் சுடுது?”

“கடமைச் சூடு!” என்றேன். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மதியத்துக்குள் நாற்பது பேர் முடிந்தது. என்னையும் சேர்த்தால் நாற்பத்தொன்று. மிச்சம் ஒரே ஆள், மூன்றாம் மாடி மூலையில் உட்கார்ந்திருக்கும் தட்டச்சர். அந்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தொட்டாச்சிணுங்கி’. ஒரு மாதமாக யாரோடும் டீ குடிக்கப் போவதில்லை, யார் பேனாவையும் வாங்குவதில்லை, ஜன்னலோரம் தனியாகச் சாப்பாடு. காரணம் கேட்டால் மகளாம். ஆறு வயதுக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையாம். எட்டு மாதம் காத்திருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருக்கிறதாம், அடுத்த வியாழக்கிழமை. சளி, காய்ச்சல் என்று எது வந்தாலும் தேதி போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இருக்கட்டுமே! அதற்காக அலுவலக ஒற்றுமையைக் குலைப்பதா?

என்னைக் கண்டதும் எழுந்து சுவரோரம் போய்விட்டாள். “சார், அங்கேயே நின்னு வாசிச்சிடுங்க. நான் கேட்டுக்கறேன்.”

“கேட்டதுக்கு அத்தாட்சி?”

“தனித் தாள்ல, என் பேனாவால எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உங்களுக்குக் காய்ச்சல் போல இருக்கு சார். குழந்தைக்காகக் கேக்கறேன், கிட்ட வராதீங்க.”

“என்னம்மா சின்னப் பிள்ளை மாதிரிப் பேசறீங்க? தொற்று பரவுதுன்னு முறைப்படி உங்களுக்குத் தெரிவிக்கலைன்னா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்க பாதுகாப்புக்குத்தாம்மா இவ்வளவும்!”

அவள் அசையவில்லை. வியாழக்கிழமை விடுப்புக்கு நான்தான் பரிந்துரைக்க வேண்டும் என்பதை மிகுந்த அன்போடு நினைவுபடுத்தினேன். வந்து உட்கார்ந்தாள். படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஒழுங்கீனம் அல்லவா? நான்கு பக்கமும் முடியும்வரை அவள் தோளருகிலேயே நின்று, நடுநடுவே இருமியபடி, முக்கியமான வரிகளைச் சுட்டிக்காட்டினேன். கையெழுத்துப் போட்டதும் ஓடிப்போய்ப் பத்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வேலை நேரத்தில் இருக்கையில் இல்லாததைக் குறித்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டும் அன்றே போய்ச் சேர்ந்தது. எல்லாக் கிளைகளிலும் நாங்களே முதல். பாராட்டுக் கடிதம் வந்த நாளில் அதைப் படிக்க அலுவலகத்தில் ஏழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் படுக்கையில்.

சுகாதாரத் துறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். யார் யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொருவரையும் தொலைபேசியில் விசாரித்து, புள்ளி வைத்துக் கோடிழுத்துப் படம் போட்டாள்.

“சாதாரணமா கீழ்மாடிக்காரங்க மேல போறதே இல்ல சார். ஒவ்வொருத்தருக்கும் டீ குடிக்க நாலு பேர், பஸ்ல கூட வர ரெண்டு பேர், அவ்வளவுதான் பழக்கம். காய்ச்சல் ஒரு மூலையோட நின்னிருக்கணும். ஒரே ஒருத்தர்தான் எல்லாரையும் இணைச்சிருக்கார்.”

நடுப்புள்ளி நான்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “இதுல ஒரு பிரதி கிடைக்குமாம்மா? ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டணும்.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “மூணாம் மாடி மூலை மேசைக்கு ஒரே ஒரு கோடுதான் சார் போகுது. அதையும் பாத்துக்குங்க.”

அடுத்த வாரம் தட்டச்சர் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. முதலில் அவளுக்குக் காய்ச்சல், இரண்டே நாளில் குழந்தைக்கு. வியாழக்கிழமை போய்விட்டது. அடுத்த தேதி ஏழு மாதம் கழித்து. “அதுவரைக்கும் தாங்குமான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறார்” என்று கணக்கரிடம் சொல்லி அழுதாள். என் மேசையில் புது விடுப்பு விண்ணப்பத்தை மட்டும் வைத்தாள்.

காரணம் என்ற இடத்தில் ‘மகளுக்குக் காய்ச்சல், அறுவை சிகிச்சை தள்ளிவைப்பு’ என்றிருந்தது. விதி விதிதானே?

“விவரம் போதாதும்மா. காய்ச்சல் எப்படி வந்துச்சுன்னு போடலையே?”

நின்றபடியே வாங்கி, ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனாள். என் பெயர், அதன் கீழே என் பதவி, தேதி, நேரம்.

திருப்பி அனுப்புவதற்காக இரண்டு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.