உடும்பார் காத்த பட்டா

ஒரு காட்டில், காடு என்று ஒன்று இருந்தால் இருக்கத்தானே வேண்டும், ஒரு பதிவறை இருந்தது. அதற்குப் பொறுப்பாளர் உடும்பார். பிடித்தால் விடமாட்டார் என்றுதான் அவரை அந்த வேலைக்கே எடுத்திருந்தார்கள்.

அவர் முன்னால் போய் நின்றது மரகதம் என்கிற கீரி. பாவம், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. வளையில் கண் திறக்காத குட்டிகள். காட்டுப்பன்றியோ, "இது எங்க தாத்தா இடம், காலி பண்ணு" என்று உறுமிவிட்டுப் போயிருந்தது. பட்டாவில் யார் பேர் இருக்கிறதோ அவர்களுக்கே வளை என்று யானை அதிகாரி சொல்லிவிட்டார்.

"ஐயா, என் பட்டாவைக் கொஞ்சம் காட்டுங்க."

"காட்டுறதா?" உடும்பார் பதறிப்போனார். "வெளிச்சம் பட்டா மை வெளுத்துப்போகும். மூச்சு பட்டா ஈரம் ஏறும். கை பட்டா கறை. ஆவணத்தைப் பாதுகாக்கறதுன்னா சும்மாவா? நானே இதுவரைக்கும் திறந்து பார்த்ததில்ல, தெரியுமா!"

அடேங்கப்பா, என்ன கடமையுணர்ச்சி! மரகதம் கெஞ்சியது, அழுதது, வாசலிலேயே படுத்துக்கொண்டது. உடும்பார் அசைவதாக இல்லை. கடைசியில் யானை அதிகாரியே பன்றியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் உடும்பார் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பட்டா இல்லை. செம்மண் இருந்தது. அதன் நடுவே குண்டுக் கரையான் ஒன்று ஏப்பம் விட்டது. மரகதத்துக்கு உயிரே போய்விட்டது.

"கவலப்படாதீங்க," என்றது கரையான். "ஒரு எழுத்து விடாம தின்னிருக்கோம். இந்தக் காட்டுல அதைப் பார்த்ததே நாங்க மட்டும்தான். கேளுங்க, சொல்றோம்."

"வளை யார் பேர்ல?" என்று கேட்டார் யானை அதிகாரி.

கரையான் வயிற்றைத் தடவியது. "ஞாபகம் வரலையே."

மரகதம் சட்டென்று சுதாரித்துக்கொண்டது. "அக்கா, உங்க புத்து என் வளையை ஒட்டித்தானே இருக்கு? பன்றி அண்ணன் அங்க குடிவந்தா முதல் வேலையா எதைக் கிளறுவாருன்னு நினைக்கறீங்க?"

"வந்திருச்சு, வந்திருச்சு!" என்று அலறியது கரையான். "கீரி மரகதம் பேர்லதான்! வளை, பின்பக்கத்துப் புதர், ஓடைக்கரை வரைக்கும்!"

ஓடைக்கரை மரகதத்துக்கே புதுச்செய்தி. வாயைத் திறக்கவில்லையே அது! குட்டிகளுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிட்டது. ஆவணங்களை யார் கையும் படாமல் காத்ததற்காக உடும்பாருக்குச் சால்வை போர்த்தினார்கள். நகல் வேண்டுவோர் இனிமேல் கரையானை நேரில் அணுகலாம் என்று பதிவறைக் கதவில் அறிவிப்பும் ஒட்டினார்கள்.

நீதி: ஆவணத்தைக் காப்பவர் காலில் விழுந்து பயனில்லை, அதைத் தின்பவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருங்கள்.