தொம்மலூர் நடுநிலையாளர்

பெங்களூரு இந்த உலகத்துக்கு எத்தனையோ கொடைகளை அளித்திருக்கிறது. மசால் தோசை, மென்பொருள், போக்குவரத்து நெரிசல் என்று நீளும் அந்த வரிசையில் இன்னும் உரிய அங்கீகாரம் கிடைக்காத கொடை ஒன்று உண்டென்றால், அது தொம்மலூர் ஹெர்பர்ட்டின் நடுநிலைதான். தராசு முள்கூடக் காற்றடித்தால் கொஞ்சம் ஆடும். ஹெர்பர்ட் ஆட மாட்டார்.

விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, தவறு யார்மீது என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிக்கை தருவது அவர் தொழில். ஒருமுறை, கடை வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்மீது தண்ணீர் லாரி ஏறிவிட்டது. ஹெர்பர்ட் போனார், பார்த்தார், எழுதினார்: "லாரி வேகமாக வந்தது உண்மை. ஆயினும், ஸ்கூட்டரும் அவ்விடத்தில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை." ஆகவே இரு தரப்பின்மீதும் பாதிப் பாதித் தவறு.

ஸ்கூட்டர்காரர் பதறிப்போனார். "சார், நான் வீட்ல தூங்கிட்டு இருந்தேன் சார்!"

"அதையும் சேர்த்திருக்கேன். 'கவனக்குறைவு'ன்னு."

வீட்டிலும் இதே நெறிதான். குழம்பில் உப்பு எப்படி என்று மனைவி ஜோசஃபின் கேட்டால், "கம்மின்னும் சொல்லலாம், ஜாஸ்தின்னும் சொல்லலாம்" என்பார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஜோசஃபின், ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடமிருந்து பதில் வாங்கியவர். கணவரிடமிருந்து மட்டும் ஒன்றுகூட வாங்கியதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரைச் செவன்த் கிராஸ் ஹாக்கி கிளப் தன் கௌரவச் செயலாளராக வைத்திருந்ததில் வியப்பில்லை. அவருடைய நடுநிலைக்கு உண்மையான சோதனை வந்ததும் அங்கேதான்.

மூன்று வருடங்களுக்கு முன் கிளப்பின் ஆண்டு விழா. மேடையில் கோப்பைகள் வழங்கப்பட்டுக்கொண்டிருந்த சாயங்கால நேரம். காரில் மறந்துவிட்டு வந்த சால்வைகளை எடுக்க வாசல் கேட்டுக்குப் போனார் ஹெர்பர்ட். உடை மாற்றும் அறைகள் இருக்கும் பின்பக்கத்திலிருந்து ரூபினி வந்தாள். வீரர்களின் தசைப்பிடிப்பையும் தோள்வலியையும் சரிசெய்ய கிளப் வேலைக்கு வைத்திருந்த பிசியோதெரபிஸ்ட். ஒரு காலில் செருப்பு இல்லை. அழுகையில் பேச்சு வரவில்லை. ஹெர்பர்ட் ஓடிப்போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். ஏறியவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க பாத்தீங்கல்ல? என்னப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. பாத்தேன்."

ஹெர்பர்ட் தன் வாழ்நாளில் மறுபக்கம் சேர்க்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. பிறகு அதையும் திருத்திக்கொண்டார்.

மறுநாள் ரூபினி போலீஸில் புகார் கொடுத்தாள். கிளப்பின் நட்சத்திர வீரர்கள் ஷ்ரேயாஸ், அஷ்வின் இருவர்மீதும் பாலியல் வன்கொடுமை வழக்கு. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசுத் தரப்பு சாட்சிகளில் ஒருவர் ஹெர்பர்ட். சாட்சி சொல்லப் போவதற்கு முன்தினம் கிளப் தலைவர் லாயிட் அவரை அழைத்துக் காபி கொடுத்தார்.

"மேன், உன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லல. நாம அந்த மாதிரி ஆளுங்க கிடையாது. எமோஷனலா மட்டும் சொல்லாத. பசங்க ஃப்யூச்சர் இருக்கு, கிளப் பேர் இருக்கு."

ஹெர்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் லேசானது. பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

வெளியார் யாரும் அனுமதிக்கப்படாத மூடிய நீதிமன்றத்தில் அரசு வக்கீல் கேட்டார்: "அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாரா?"

"முகம் ஈரமாக இருந்தது."

"கண்ணீரா?"

"பெங்களூரில் சாயங்காலம் தூறல் விழுவதுண்டு."

"அன்று விழுந்ததா?"

"விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். நான் வானிலை நிபுணர் அல்ல."

"உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

"ஆட்டோ ஏற்பாடு சம்பந்தமாகச் சிறிது உரையாடல் நடந்தது."

ஒரு பொய்கூட இல்லை. நீங்களே திரும்பப் படித்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் ஜோசஃபின் கேட்டார்: "எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?" ஹெர்பர்ட் சொன்னார்: "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்." அதுவும் உண்மைதான்.

சந்தேகத்தின் பலனை அளித்து இருவரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் முன் வைத்ததைக் கொண்டுதானே அது எடை போட முடியும். பலனை வீரர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த சந்தேகத்தை வீணாக்கக் கூடாதல்லவா? ஊர் அதை ரூபினிக்குக் கொடுத்தது.

வீரர்கள் திறந்த ஜீப்பில் ஊர்வலம் வந்தார்கள். ஹாக்கி மட்டையால் கேக் வெட்டப்பட்டது. அஷ்வின் 'மீண்டேன்' என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். ரூபினிக்கு எந்த கிளப்பிலும் வேலை கிடைக்கவில்லை. சந்தாபுராவில் ஒரு சிறிய கிளினிக்கில், முட்டிவலிக்காரர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

இந்நிலையில், நகரமே இரண்டுபட்டுக் கிடக்கிறதே என்ற கவலையில் கிளப் ஒரு பொது விவாதத்துக்கு ஏற்பாடு செய்தது. தலைப்பு: 'தீர்ப்புக்குப் பின்: ஒரு சமநிலைப் பார்வை.' நடுவர், வேறு யார், ஹெர்பர்ட்.

மேடையில் இரு தரப்புக்கும் இடம் தரப்பட்டது. பொய்ப் புகார்களால் இளைஞர்கள் வாழ்க்கை கெடுகிறது என்பவர்கள் ஒரு தரப்பு. மிகவும் கெடுகிறது என்பவர்கள் மறு தரப்பு. லாயிட்டும் வக்கீல் கேசவும் முதல் தரப்பு. ஐடி கம்பெனிகளுக்குப் போய் மனநிலைப் பயிற்சி அளிக்கும் டிரேவர் இரண்டாம் தரப்பு. மகளிர் பிரதிநிதித்துவமும் மறக்கப்படவில்லை: பூங்கொத்து கொடுக்கும் பொறுப்பு முழுக்க முழுக்கப் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் காபி மேஜையை ஜோசஃபின் பார்த்துக்கொண்டார். முதல் வரிசையில் ஷ்ரேயாஸும் அஷ்வினும், புது பிளேஸரில்.

புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதிக்கும் சபை அது. ஆகவே பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் போட்ட உடை, அவள் சிரித்த சிரிப்பு, அவள் அப்பாவின் குடிப்பழக்கம் என்று எதுவும் விட்டுப்போகவில்லை.

கேசவ் கைதட்டலுக்கிடையே முழங்கினார்: "விடுதலைன்னா என்ன? நடக்கவே இல்லன்னு அர்த்தம்!" அது அப்படியல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மேடையில் கட்டணம் இல்லாததால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

டிரேவர் எழுந்தார். "ஃப்ரெண்ட்ஸ், கேஸுங்கறது ஒரு ஜிம் மாதிரி. பசங்க ஸ்ட்ராங்கா வெளிய வந்திருக்காங்க. அந்த லேடியும் இத ஒரு லேர்னிங்கா எடுத்துக்கணும்."

பார்வையாளர் பகுதியிலிருந்து காண்ட்ராக்டர் முனிராஜ் மைக் வாங்கினார். "சார், பசங்க வயசு அது. கேஸ் முடிஞ்சிடுச்சு. ஊரும் மறந்துடணும், அல்வா?"

கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று பொருள். தமிழில் அதற்கு என்ன பொருளோ, அதுவும் அன்றைய கூட்டத்துக்குப் பொருந்தியே இருந்தது.

பிறகு லாயிட் ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பை வெளியிட்டார். பெண்களின் பாதுகாப்பில் கிளப் சமரசம் செய்துகொள்ளாது. ஆகவே இனிமேல் பெண்களை வேலைக்கு எடுக்காது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

கைதட்டி முடித்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும், கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மைக் அவளிடம் போனது.

"சார், எனக்கு மேடையில இருக்கறவங்ககிட்ட கேள்வி இல்ல. நடுவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு கேட்டு கிட்ட நான் அழுதேனா, இல்லையா?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஷ்ரேயாஸ் குனிந்து செல்போனைத் தேட ஆரம்பித்தார். இவ்வளவு நேரம் 'சம்பந்தப்பட்ட பெண்'ணாக இருந்தவளுக்கு ஒரு முகம் இருந்தது கொஞ்சம் நாகரிகக் குறைவாகவே பட்டது பலருக்கு.

ஹெர்பர்ட்டின் வலது கை அவரை அறியாமல் சட்டைக் கையின் ஓரத்தைத் தொட்டது. 'ஆமாம்' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. சின்னச் சொல். பக்கத்தில் லாயிட் தொண்டையைச் செருமினார். வந்த சொல் வந்த வழியே இறங்கிப்போனது.

"அருமையான கேள்வி," என்றார் ஹெர்பர்ட். "இதற்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. மேடையில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்போம்."

கேசவ் சொன்னார்: "சட்டத்துல 'அழுகை'க்கு டெஃபனிஷனே கிடையாது."

டிரேவர் சொன்னார்: "அழறது ஒரு சாய்ஸ்."

"சந்தோஷத்துலகூட அழுவாங்க சார்," என்றார் முனிராஜ், கீழேயிருந்து.

நால்வரில் மூவர் அன்று கேட்டுப் பக்கமே போகாதவர்கள். போன நான்காமவர் மைக்கை அவர்களிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஓகே, ஓட்டுக்கு விட்டுடலாம். டெமாக்ரசி," என்றார் லாயிட். "அழுதாங்கன்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. காபி மேஜையிலிருந்து.

"என்னங்க," என்றார் ஜோசஃபின். வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல், மைக் தேவைப்படவில்லை. "அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னீங்க? 'அந்தப் பொண்ணு தேம்பித் தேம்பி அழுதுச்சு ஜோசி, அட்ரஸ் சொல்லக்கூட வாய் வரல, என் கைய விடவே இல்ல'ன்னு சொல்லல? சோறு எறங்கலன்னு தட்டத் தள்ளி வெக்கல? இத கோர்ட்ல சொன்னீங்களா, இல்லையா?"

கணவர் சொல்லவில்லை என்பது ஜோசஃபினுக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. கேள்வியைக் கேட்டு முடிக்கும்போதே பதிலும் தெரிந்துவிட்டது.

ஹெர்பர்ட் எழுந்தார். குரல் கொஞ்சம்தான் நடுங்கியது. "சபையோர் கவனத்துக்கு. இப்போது பேசியவர் என் மனைவி. எனவே அவரும் ஒரு தரப்பு. அவர் கருத்தையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்."

சொந்த மனைவியிடமும் சாயாத அந்தப் பண்பைக் கண்டு மண்டபம் உருகிப்போனது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஜோசஃபின் கையிலிருந்த காபிக் கெட்டிலை மேஜையில் வைத்தார். நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார்.

"எப்படிம்மா வந்தே?"

"பஸ்லதான் ஆன்ட்டி. சில்க் போர்டுல மாறணும்."

"வா, நானும் வரேன். அப்பீல் போறதா இருந்தா உன் வக்கீல் யாருன்னு சொல்லு. இவரு என்கிட்ட சொன்னத நான் போய்ச் சொல்றேன்."

கேசவ் மேடையிலிருந்து அவசரமாகக் குறுக்கிட்டார். "மேடம், நீங்க காதால கேட்டதுதானே? அது கோர்ட்ல செல்லாது!"

"செல்லாட்டிப் போகட்டும் சார். சொல்லாம இருந்ததுதானே இத்தன நாள் செல்லுபடி ஆச்சு?"

ரூபினி ஒருமுறை மேடையைப் பார்த்தாள். கோபமில்லை. பஸ் நம்பர் பார்ப்பதைப்போலப் பார்த்துவிட்டு, ஜோசஃபினோடு வெளியே போனாள். வாசலில் பூங்கொத்தோடு நின்ற பெண்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அவற்றை அங்கிருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

"ப்ளீஸ், கன்டின்யூ," என்றார் லாயிட்.

விவாதம் தொடர்ந்தது. மண்டபத்தில் இப்போது ஒரே ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது. அதன் நட்ட நடுவில், இம்மியும் சாயாமல், ஹெர்பர்ட் உட்கார்ந்திருந்தார்.